டம்ளர் கூட்டத்தின் முப்பத்தோராம் பக்கம்

அன்பால் நிறைந்து ஆரவாரத்தால் அதிரும் இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நான் எதைச் சொல்லிவிடப் போகிறேனோ என்று இப்போதே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே! முழங்கால் தேய எங்கள் மலைப்பாதையில் ஏறி, மூச்சிரைக்க நின்று, முகம் மட்டும் ஒருநாளும் சுளிக்காத மூத்தோர்களே! சட்டத்தைக் கையிலும் சாந்தத்தைப் பையிலும் வைத்திருந்து, பல நேரங்களில் பையைத் திறக்கவே மறந்துவிடும் வக்கீலம்மா அவர்களே! பன்னிரண்டு குடியிருப்புகளிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து, இங்கேயும் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் என் தாய்மார்களே! கடைசி வரிசையில், கதவோரமாக, தேவைப்பட்டால் எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த தம்பியே! மேடையின் இடது மூலையில் சின்ன மேசை போட்டு, விழாவே தனக்காகத்தான் என்பதையும் மறந்து, நான் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லையும் ஓடி ஓடி எழுதிக்கொண்டிருக்கும் எங்கள் நோட்டக்கா அவர்களே! ஆற்றோரக் குடியிருப்பின் ஊர்க்குழுத் தலைவி உங்கள் அனைவரையும் வணங்கி, வாழ்த்தி, வாயைத் திறக்கிறேன்.

அக்கா, இன்றைக்கு ஒருநாளாவது அந்தப் பேனாவைக் கீழே வையுங்கள். பத்தொன்பது ஆண்டுகள் எழுதி ஓய்வு பெறுகிறீர்கள். விழா நாயகி நாற்காலி நடுவில் காலியாகக் கிடக்கிறது. வையுங்கள் அக்கா!

வைக்க மாட்டார். “பேனாவை வைக்கச் சொன்னதற்கு மறுத்தார்” என்று தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

அங்கே ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது என் காதில் விழுகிறது. மலையில் கிழங்கு தோண்டுகிறவள் ஏன் இப்படி அடுக்கு மொழியில் அளக்கிறாள் என்கிறார். தாயே! நான் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள். முதல் பரிசு வாங்கியவள் இப்போது பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறாள். இன்று காலை எங்கள் பேருந்து அரை மணி நேரம் தாமதம் என்ற செய்தியை அவள் குரலில்தான் கேட்டேன். என்ன உச்சரிப்பு! எனக்கு ஏன் இரண்டாம் பரிசு என்று இன்றுதான் புரிந்தது.

அன்பர்களே, இந்த மேடையில் இன்று நான் ஒரு பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் இயக்குநர் ஐயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தக் கேள்வி என்ன, பதில் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

பழங்குடி மக்களின் உரிமைக்காகவும் சுற்றுச்சூழல் நீதிக்காகவும் பாடுபடும் தொண்டு நிறுவனம் இது. பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இவர்கள் எங்கள் குடியிருப்புக்கு முதன்முதலாக வந்த நாளை நான் மறக்கவில்லை. மூன்று பேர். மூன்று பேர் முதுகிலும் பை. பை நிறைய வண்ண வண்ணச் சிறு தாள்கள். “உங்க தேவை என்னன்னு ஒவ்வொண்ணா இதுல எழுதிச் சுவத்துல ஒட்டுங்க” என்றார்கள். ஒட்டினோம். மண்சுவரில் அது ஒட்டுமா? காற்றடித்தது. குடிநீர் பறந்தது, பாதை பறந்தது, பட்டா பறந்தது. பறந்து விழுந்ததையெல்லாம் கோழி கொத்தியது. நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்த மூவரில் ஒருவர் மட்டும் சிரிக்காமல், மடியில் நோட்டை வைத்து எழுதினார்: “மக்களின் கோரிக்கைகளில் நான்கைக் கோழி கொத்தியது. நேரம் மூன்று பத்து.”

அவர்தான் நோட்டக்கா!

கைதட்டுங்கள், தவறில்லை. ஆனால் கொஞ்சம் அளவாகத் தட்டுங்கள். எத்தனை வினாடி தட்டினீர்கள் என்றும் எழுதுவார்.

அடுத்து இயக்குநர் ஐயா. ஐயா அவர்களே, உங்களுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு, தெரியுமா?

ஆ! யாரோ சொல்லிவிட்டார்கள். நான் சொல்லவில்லை, அந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். “சம்மதம் சார்!” ஆமாம் ஐயா, அதுதான் உங்கள் பெயர். ஏன் வந்தது அந்தப் பெயர்? வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “இங்க விடலாமா, சம்மதமா?” பாயில் உட்காரும்போது, “இந்தப் பக்கம் உக்காரலாமா, சம்மதமா?” படம் எடுக்கச் சம்மதமா, எடுத்த படத்தைப் பார்க்கச் சம்மதமா, பார்த்த படத்தை வைத்துக்கொள்ளச் சம்மதமா? கூட்டம் போடலாமா என்று கேட்பதற்கு ஒரு கூட்டம் போட்டாரே, அது எந்த நாட்டில் நடக்கும்? எங்கள் சின்னம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள், “யப்பா, மூச்சு விடறதுக்காச்சும் எங்கள கேக்காம விட்டுக்கய்யா!”

அவர் கோபப்படவில்லை. சின்னம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், “இதுவரைக்கும் இங்க வந்தவங்க எல்லாரும் கேக்காமத்தானம்மா எடுத்துட்டுப் போனாங்க. நான் கேட்டுக்கிட்டு வெறுங்கையோட போனாலும் பரவால்ல.” சின்னம்மா வாயடைத்துப் போனாள். எங்கள் சின்னம்மா வாயடைத்துப் போன ஒரே சம்பவம் அதுதான் என்பதால் அதையும் நோட்டில் தேதியோடு பார்க்கலாம்.

இப்படிச் சிரிப்பும் கேலியுமாக ஏழு ஆண்டுகள் ஓடின. மலைமேல் கண் வைத்தான் கல்குவாரிக்காரன்.

என் தாய்மார்களே, அந்த மலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? மலை உடைந்தால் ஊற்று போகும். ஊற்று போனால் ஆறு போகும். ஆறு போனால் நாங்கள் எங்கே போவோம்? எங்கள் சம்மதம் இல்லாமல் அந்த மலையைத் தொடக்கூடாது என்பது சட்டம். எனவே குவாரிக்காரனுக்குத் தேவைப்பட்டது எங்கள் சம்மதம். இவர்களோ சம்மதத்தைச் சாமான் போலத் தினமும் கேட்கிறவர்கள். அவனோ கேட்காமலே எடுக்கத் தெரிந்தவன்.

இனி வருவதுதான் புகழ்பெற்ற டம்ளர் கூட்டம். யாரும் வெளியே போகக்கூடாது!

அது ஒரு பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. எங்கள் நிலத்தின் வரைபடத்தை எங்களுக்கே காட்டி, சரியா தவறா என்று கேட்க இவர்கள் எங்களை அழைத்தார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று அறுபத்திரண்டு பேர் கிளம்பினோம். இரண்டு மணி நேரப் பயணம். இதே கூடத்தில், இதே மின்விசிறியின் கீழே, பத்தரை மணிக்கு அமர்ந்தோம். ஆமாம், அன்றும் அந்த மூன்றாவது விசிறி சுற்றவில்லை. வருகைப் பதிவேட்டில் வந்த நேரம் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். பத்து ஐம்பத்தைந்துக்குத் தேநீர் வந்தது. காகிதக் குவளையில் வந்தது!

காகிதக் குவளை! சுற்றுச்சூழல் நீதி நிறுவனத்தில் காகிதக் குவளை! வக்கீலம்மா எழுந்தார். காகிதத்துக்கு மரம் வெட்டுகிறார்கள், உள்ளே மெழுகு பூசுகிறார்கள், குப்பையில் அது மக்காது என்று முழங்கினார். எவர்சில்வர் டம்ளர் கொண்டுவாருங்கள் என்றது ஒரு கட்சி. டம்ளர் கழுவத் தண்ணீர் வீணாகுமே என்றது எதிர்க்கட்சி. ஒரு டம்ளருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட ஒருவர் கரும்பலகைக்குப் போனார். டம்ளரே இல்லாமல் தேநீரைக் கையில் ஊற்றிக் குடிக்கலாமா என்று எங்கள் சின்னம்மா கேட்டாள். அதையும் ஒரு திருத்தமாக ஏற்று விவாதித்தார்கள்! பன்னிரண்டு பத்துக்கு மின்சாரம் போனது. இருட்டிலும் விவாதம் நடந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விளக்கு எரிந்ததும் எல்லோரும் கைதட்டினோம், விவாதம் முடிந்ததென்று நினைத்து. முடியவில்லை. பக்கத்து விடுதியில் டம்ளர் கேட்டு வாங்கி, ஆறி அவலாகிப்போன தேநீரைக் குடித்து, அவரவர் டம்ளரை அவரவரே கழுவுவது என்று தீர்மானம் நிறைவேறியபோது மணி ஒன்று ஐந்து. வரைபடம்? சுருட்டிய பாயாக மூலையில் நின்றது. அன்று அதை யாரும் விரிக்கவே இல்லை.

சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. எல்லோரும் டம்ளர் கழுவக் குழாயடிக்குப் போன நேரம் அது. கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்தான். இயக்குநர் ஐயா, வக்கீலம்மா, நோட்டக்கா, நான். என் தம்பி அப்போது வேலையில்லாமல் இருந்தான். கனரக வண்டி ஓட்டும் உரிமம் வைத்துக்கொண்டு, ஓட்ட வண்டியில்லாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். லாரி ஓட்ட ஆள் தேவை என்று குவாரிக்காரன் ஊருக்குள் ஆசை காட்டிக்கொண்டிருந்தான். எனக்குள் இருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. பொங்கியதைக் கொட்டினேன். கொட்டியது அன்றைய நோட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. மனப்பாடமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

“ஒண்ணேகால் மணி. ஆற்றோரக் குடியிருப்பு உறுப்பினர் சொன்னது: ஏழு வருசமா வர்றீங்க. இன்னிக்கு டம்ளரப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசிட்டீங்க. என் தம்பிக்கு வேல வாங்கிக் குடுக்க உங்களால ஆச்சா? குவாரிக்காரன் அவனுக்கு லாரி ஓட்ற வேல குடுத்தான்னா, நான்தான் மொத ஆளா கையெழுத்துப் போடுவேன். கூட்டத்தில் அமைதி.”

அந்த அமைதியையும் எழுதினாரே, இந்தப் பாவி மனுஷி!

ஆமாம் தாய்மார்களே. மலையைக் காப்போம் என்று உங்கள் பன்னிரண்டு குடியிருப்புகளுக்கும் வந்து முழங்கியவள் நான்தான். அப்படிச் சொன்னவளும் நான்தான்.

மூன்று மாதம் கழித்துக் குவாரிக்காரன் விசாரணை அதிகாரியிடம் ஒரு தாளை நீட்டினான். ஆற்றோரக் குடியிருப்பின் பள்ளிக்கூட மைதானத்தில் மக்கள் கூடி, மலையை உடைக்க ஒருமனதாகச் சம்மதித்தார்களாம். அறுபத்திரண்டு பேர். கையெழுத்தும் கைநாட்டுமாக அறுபத்திரண்டு. தேதி பதினேழு. செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி.

கைநாட்டு யாருடையது? எங்களுடையதுதான்! அதுதானே கொடுமை. முந்தைய குளிர்காலத்தில் அவன் கம்பளி கொடுத்தான். வாங்கியதற்கு அடையாளமாக வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினான். விரல் எங்களுடையது, மை எங்களுடைய விரலில் பட்டது. தாளின் தலைப்பு மட்டும் எங்களுடையது அல்ல. கம்பளி என்று இருக்க வேண்டிய இடத்தில் சம்மதம் என்று அடித்து ஒட்டிவிட்டான். நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியே போயிருந்த ஒரு நாளை அவன் தேதியாகப் போட்டது எங்கள் அதிர்ஷ்டம். அவன் தெரிந்து போடவில்லை, நாட்காட்டியில் கைபோன இடத்தில் போட்டான்.

வக்கீலம்மா துள்ளி எழுந்தார். பதினேழாம் தேதி இவர்கள் இங்கேயல்லவா இருந்தார்கள், நோட்டில் இருக்கிறதே என்றார். நோட்டைத் திறந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் டம்ளர், டம்ளர், டம்ளர். வருகைப் பதிவு, நேரம், கையெழுத்து, எல்லாம் இருந்தது. திருப்பிக்கொண்டே வந்தார்கள். முப்பத்தோராம் பக்கமும் இருந்தது.

மறுநாள் காலையில் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். செருப்புக்குக்கூடச் சம்மதம் கேட்கவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

வக்கீலம்மா சொன்னார், “வருகைப் பதிவு மட்டும் குடுத்தாப் போதும்னு நான் சொன்னேன். இவங்க கேக்க மாட்டேங்கறாங்க.”

நோட்டக்கா சொன்னார், “குடுத்தா முழு நோட்டும் குடுக்கணும். பாதி குடுத்தா மீதி எங்கன்னு கேப்பாங்க.”

நான் கேட்டேன், “அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சிட்டா என்னக்கா?”

அக்கா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “அவன் தாளுல இல்லாதத ஒட்டினான். நாம இருக்கறதக் கிழிச்சா, அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்மா?”

“சரி. நான் குடுக்க வேணாம்னு சொன்னா?”

இயக்குநர் ஐயா தரையைப் பார்த்தபடி சொன்னார், “அப்ப குடுக்க மாட்டோம். அது நீ சொன்ன வார்த்த. உன்னக் கேக்காம சபைல வாசிக்க எங்களுக்கு உரிம இல்ல.”

“மல போயிடுமே சார்?”

“போகலாம்.” என்றார் அவர். “வேற வழி தேடுவோம். சம்மதமான்னு கேக்கத்தான் வந்தோம்.”

ஏழு ஆண்டுகளாக நாங்கள் எதைக் கேலி செய்து சிரித்தோமோ, அந்தக் கேள்வி அன்று என் வாசலில் வந்து நின்றது. மலை ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். ஒரு பகல் அவகாசம் கேட்டேன். ஆற்றுக்குப் போனேன். துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்கினேன். அண்டாவின் அடியில் ஓட்டை விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. சாயங்காலம் வந்து சொன்னேன், “சம்மதம். ஆனா அத வேற யாரும் வாசிக்கக் கூடாது. நானே வாசிப்பேன்.”

விசாரணை நாள். அரசு அலுவலகத்து மாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, இந்தப் பக்கம் நாங்கள். குவாரிக்காரனின் வக்கீல் வழவழவென்று சீவிய தலையோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். இரண்டாம் பரிசுக் குரலில், முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். காகிதக் குவளை வந்தது. மெழுகு வந்தது. கரும்பலகைக் கணக்கு வந்தது. சின்னம்மாவின் திருத்தம் வந்தது. அதிகாரி உதட்டைக் கடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், கடைசியில் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

குவாரி வக்கீல் எழுந்து, இது பின்னால் எழுதித் தயாரித்த நோட்டாக இருக்கலாம் என்றார். அதிகாரி மின்வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பதினேழாம் தேதி, பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு இருபத்தைந்து வரை இந்தத் தெருவில் மின்தடை. ஒரு நிமிடம் பிசகவில்லை! அதிகாரி வக்கீலைப் பார்த்துச் சொன்னார், “ஏன் சார், ரெண்டு மணி நேரம் டம்ளரப் பத்திச் சண்ட போட்டத யாராச்சும் பொய்யா உக்காந்து எழுதுவாங்களா? இத நெசமா வாழ்ந்தவங்களாலதான் எழுத முடியும்.”

பிறகு முப்பத்தோராம் பக்கம் வந்தது.

உங்களில் பலர் அன்று அந்த அறையில் இருந்தீர்கள். ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தேன். “நான்தான் மொத ஆளா கையெழுத்துப் போடுவேன்” என்று வாசித்தபோது உங்கள் முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. “கூட்டத்தில் அமைதி” என்று முடித்தேன்.

குவாரி வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஆக, சம்மதம் தர நீங்க தயாராத்தான் இருந்தீங்க. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க” என்றார்.

அவையோரே! அந்த நொடியில் எனக்கு என்ன ஆனதென்று தெரியாது. பயம் பறந்தது. வெட்கம் வெளியேறியது. நிமிர்ந்து நின்றேன்.

“ஆமாங்க, சொன்னேன். மத்தியானம் ஒண்ணேகாலுக்குச் சொன்னேன். ஆனா உங்க தாளுல நான் காலைல பதினோரு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டதா இருக்கே? பதினோரு மணிக்கே போட்டு முடிச்சவ, ரெண்டேகால் மணி நேரம் கழிச்சு, ‘வேல குடுத்தாப் போடுவேன்’னு ஏங்க சொல்லணும்?”

தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள்! அன்று அந்த அறையில் தட்டக்கூடாது என்றார்கள், அதையும் சேர்த்து இன்று தட்டுங்கள்!

எந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேனோ, அந்தப் பக்கம்தான் காத்தது. எந்த வார்த்தையை மறைக்க நினைத்தேனோ, அந்த வார்த்தைதான் மலையைத் தாங்கிப் பிடித்தது. அந்தச் சம்மதத் தாள் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார் அதிகாரி. குவாரிக்காரன் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறான், போகட்டும். மலை நிற்கிறது. ஊற்று ஊறுகிறது. ஆறு ஓடுகிறது. வக்கீலம்மாவும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார், நீதிமன்றப் படிகளில்.

இத்தோடு நான் கும்பிட்டு இறங்கிவிடலாம். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்று நான் வாசித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என் தம்பி எழுந்து போய்விட்டான். வேலைக்காக ஊரையே விற்கப் பார்த்தவன் என்றல்லவா எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்! அவன் குவாரியில் வேலை கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் என் மனசு. பதினோரு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வருவான், சுவரைப் பார்த்து, “தண்ணி வேணும்னு சொல்லு” என்பான். நானும் சுவரிடமே, “பானைல இருக்குன்னு சொல்லு” என்பேன். அந்தச் சுவருக்குக் கை மட்டும் இருந்திருந்தால் எங்களை அடித்திருக்கும்.

கடைசியில் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான், “அவங்க உன் வீட்டுக்கு வந்து உன்னக் கேட்டாங்கல்லக்கா? நீ என்னக் கேட்டியா?”

என் வார்த்தைக்கு என்னிடம் சம்மதம் கேட்டார்கள். அந்த வார்த்தைக்குள் அவனும் இருந்தான். நான் கேட்கவில்லை. சம்மதம் சாரைப் பார்த்து ஏழு ஆண்டுகள் சிரித்தவளுக்கு, அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. தம்பி, இத்தனை பேர் முன்னால் உன் பெயரைக் கெடுத்தேன். இத்தனை பேர் முன்னாலேயே கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

எழுந்திருக்காதே, உட்கார்! ஓடவிட மாட்டேன்.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்கு இந்த முறை அவனைக் கேட்டேன், அன்பர்களே. போன வாரம் இந்த நிறுவனத்து ஜீப்புக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம், இப்போது இவர்களுடைய ஜீப்பை ஓட்டுகிறான். பாதி நாள் ஓட்டுகிறான், பாதி நாள் தள்ளுகிறான். குனிந்து கேட்டேன், “மேடைல உன்னப் பத்திச் சொல்லப் போறேன். சம்மதமாடா?” ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது, “சொல்லிக்க. ஆனா ஜீப்பு வழில வழில நிக்கறதுக்கு நான் காரணமில்லன்னு சேத்துச் சொல்லணும்.”

சொல்லிவிட்டேன். ஜீப்பு நிற்பதற்கு என் தம்பி காரணமில்லை, ஜீப்புதான் காரணம். பதிவு செய்துகொள்ளுங்கள் அக்கா.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். சென்ற மாதம் இயக்குநர் ஐயா என்னிடம் கேட்டார், “நோட்டக்காவுக்கு அப்புறம் இந்த நோட்ட நீ எழுதறியா? சம்மதமா?”

ஐயா, பல பேர் எங்களைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்கள். அளந்து எழுதினார்கள், அழிந்துபோவோம் என்று எழுதினார்கள், சம்மதித்தோம் என்றே எழுதினார்கள். எழுதும் பேனா எங்கள் கைக்கு வந்ததுண்டா? விரல்தான் எங்களுடையது, தாள் எப்போதும் வேறு யாருடையதோ. இன்று பேனாவை நீட்டி, எழுதுகிறாயா என்று கேட்கிறீர்கள். நான் சொல்கிறேன்: சம்மதம்!

பொறுங்கள், நிபந்தனை இருக்கிறது. ஒரு பக்கமும் கிழிக்க மாட்டேன். உங்கள் சண்டையை எழுதுவேன், எங்கள் சண்டையை எழுதுவேன். கோழி கொத்தினால் எழுதுவேன். ஐயா, நீங்கள் கூட்டத்தில் கண்ணசந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதுவேன். அதற்கு உங்கள் சம்மதத்தைக் கேட்கவும் மாட்டேன்.

அக்கா, இப்போதாவது கொடுங்கள். அந்த நோட்டையும் பேனாவையும் இப்படித் தாருங்கள். பிடி ரொம்ப இறுக்கமாக இருக்கிறதே அக்கா. மெதுவாக… வந்துவிட்டது. பேனா இன்னும் சூடாக இருக்கிறது.

என் முதல் பதிவை வாசித்துக்காட்டி விடைபெறுகிறேன். “மணி ஐந்து நாற்பது. நோட்டக்கா பேனாவைக் கொடுத்தார். அழுதார். அழவில்லை, தூசி என்றார். மறுப்பும் பதிவு செய்யப்பட்டது. ஆனால் அழுதார்.”

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், நின்றே கேட்ட தாய்மார்க்கும், ஓடாமல் உட்கார்ந்திருந்த என் தம்பிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தேநீர் தயாராக இருக்கிறது. டம்ளரை அவரவரே கழுவ வேண்டும், தீர்மானம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வணக்கம்!